கூட்டத் தெரிந்த வார்ப்புரு, கழிக்கத் தெரியாத வார்ப்புரு

கொள்ளுப்பிட்டியில் நான் இப்போது பணிபுரியும் நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்தில், எனக்கு முன்பு அந்தக் கதிரையில் இருந்தவர் என்னிடம் ஒரு நோட்பேட் கோப்பை ஒப்படைத்தார். ‘நியூ பிராஞ்ச் ஃபைனல் 3’ என்பது அதன் பெயர். நாட்டின் எந்த மூலையில் புதிய கிளை திறந்தாலும் அந்தக் கோப்பைத் திறந்து, முந்திய கிளையின் பெயரையும் முகவரிகளையும் ‘தேடி மாற்று’ வசதியால் மாற்றி, முழுவதையும் பிரதி எடுத்துத் தீச்சுவரின், அதாவது வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் சாதனத்தின், கட்டளைத் திரையில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் விளக்கினார். பல ஆண்டுகளாக அப்படியே நடந்து வந்திருக்கிறது. நானும் ஓராண்டுக்கு மேல் அப்படியே செய்தேன்.

‘தேடி மாற்று’ வசதிக்கு எழுத்துகள் தெரியும், முகவரியின் பொருள் தெரியாது. எங்கள் முகவரித் திட்டத்தில் ஏழாம் இலக்கக் கிளையின் முகவரிகள் 10.7 என்று தொடங்குகின்றன. அதை இருபத்துமூன்றாம் இலக்கக் கிளையான ஹற்றனுக்காக 10.23 என்று மாற்றச் சொன்னபோது, தலைமையகத்தில் தீச்சுவர்களின் நடவடிக்கைப் பதிவுகளைச் சேகரிக்கும் சேவையகத்தின் 10.70 என்று தொடங்கும் முகவரியையும் அது சத்தமில்லாமல் 10.230 ஆக்கிவிட்டது. ஹற்றன் கிளையின் தீச்சுவர் அன்றிலிருந்து எட்டு மாதங்கள், உலகில் இல்லாத ஒரு சேவையகத்திற்குத் தன் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. இப்படிப் பதிவுகளை அனுப்பும் முறையான சிஸ்லொக் பொதுவாக யூடிபி என்ற நெறிமுறையின் 514 ஆம் போர்ட்டில் செல்வது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவர் கேட்பதுமில்லை, பெற்றவர் சொல்வதுமில்லை. ஆகவே எந்த எச்சரிக்கையும் எழவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் எங்கள் கணக்காய்வாளர்கள் பதிவுகளைக் கேட்கும் தோரணையே மாறிவிட்டது. அவர்கள் ஹற்றன் கிளையின் பதிவுகளைக் கேட்ட நாளில்தான், கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது.

அதன் பிறகுதான் வார்ப்புருக்களை முறையாக உருவாக்கத் தொடங்கினேன். மாறாத கட்டளைகளை ஒருமுறை எழுதி, சாதனத்திற்குச் சாதனம் மாறும் இடங்களில் மாறிகளை வைத்து, மாறிகளின் பெறுமதிகளை வேறொரு பட்டியலில் இருந்து எடுத்து நிரப்புவதே வார்ப்புரு. இதற்கான கருவிகளுக்குக் குறைவில்லை. பல தீச்சுவர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சிஸ்கோவின் ஃபயர்பவர் முகாமைத்துவ மையத்தில், நம் கட்டளைகளைச் சேர்த்து அனுப்ப ஃபிளெக்ஸ்கொன்ஃபிக் என்ற வசதி உண்டு; அது வெலோசிட்டி என்ற வார்ப்புரு மொழியைப் பயன்படுத்துகிறது. ஃபோர்ட்டிநெட்டின் ஃபோர்ட்டிமனேஜரில் கட்டளை வார்ப்புருக்களை ஜின்ஜா என்ற இன்னொரு வார்ப்புரு மொழியில் எழுதலாம். பாலோ ஆல்டோவின் பனோரமாவில் பான் ஓஎஸ் 8.1 முதல் டொலர் குறியில் தொடங்கும் வார்ப்புரு மாறிகள் உள்ளன. பல நிறுவனங்களின் சாதனங்கள் கலந்து கிடக்கும் எங்களைப் போன்ற இடங்களில், 2012 இல் வெளிவந்த அன்சிபிள் என்ற தானியக்கக் கருவியும் அதற்குள் இருக்கும் ஜின்ஜாவுமே கைகொடுக்கின்றன. ஜின்ஜா என்பது ஜப்பானியக் கோயிலைக் குறிக்கும் சொல் என்பதும், ஆங்கிலத்தில் வார்ப்புருவுக்கும் கோயிலுக்குமான சொற்கள் ஒலியில் நெருங்கியவை என்பதால் அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்பதும் எனக்குப் பிடித்த தகவல்.

முதலில் எழுதிய வார்ப்புருவில் ஒரு கிளைக்கு முப்பத்தொரு மாறிகள் இருந்தன. மாறி கூடக் கூட வார்ப்புரு நெகிழ்வாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன். உண்மையில், நிரப்ப வேண்டிய கட்டம் ஒவ்வொன்றும் பிழை நுழையக்கூடிய வாசல். அந்த வாசல்களில் ஒன்றின் வழியாக வந்த பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதே பிழையை வேறு பலர் செய்திருப்பதை அதன் பின்னர் கண்டிருக்கிறேன்.

எங்கள் கிளைகளில் வெளியே ஒரு சிஸ்கோ ரவுட்டரும் அதற்குப் பின்னால் ஒரு சிஸ்கோ ஏஎஸ்ஏ தீச்சுவரும் இருந்தன. இரண்டிலும் அக்சஸ் லிஸ்ட், அதாவது யாரை அனுமதிப்பது, யாரைத் தடுப்பது என்ற பட்டியல், எழுத வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, கட்டளைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஏஎஸ்ஏ, முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் வழக்கமான சப்நெட் மாஸ்கை, அதாவது 255.255.255.0 என்பதை எதிர்பார்க்கிறது. ரவுட்டரோ அதைத் தலைகீழாக்கிய வைல்ட்கார்ட் மாஸ்கை, அதாவது 0.0.0.255 என்பதை எதிர்பார்க்கிறது. நான் ‘மாஸ்க்’ என்று ஒரே மாறியை வைத்து இரண்டு வார்ப்புருக்களிலும் பயன்படுத்திவிட்டேன். வைல்ட்கார்டை இரும எண்ணாக எழுதினால், பூச்சியம் என்றால் ‘பொருந்த வேண்டும்’, ஒன்று என்றால் ‘கவனிக்க வேண்டாம்’; 255 என்பது முழுவதும் ஒன்றுகள். அதன்படி 255.255.255.0 என்பதை ரவுட்டர் எப்படிப் படித்தது என்றால், முகவரியின் முதல் மூன்று பகுதிகள் எதுவாகவும் இருக்கலாம், கடைசிப் பகுதி மட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும் என்று. அந்த வலையமைப்பில் பூச்சியத்தில் முடியும் முகவரி எந்தக் கணினிக்கும் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே அனுமதி வரி இருந்தது, அனுமதி பெற்றவர் ஒருவரும் இல்லை. பட்டியலின் முடிவில் எழுதப்படாமலே நிற்கும் மறுப்பு வரி எல்லோரையும் தடுத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை மாத்தறைக் கிளை முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார். என்னால் ரவுட்டருக்குள் வெளியிலிருந்து நுழைய முடிந்தது, இணைப்பு உயிரோடு இருந்தது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. என்னோடு வேலை செய்யும் இளையவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். அவர் திரையைப் பார்த்துவிட்டு, “அண்ணை, கட்டளை எல்லாத்தையும் ரவுட்டர் ஏத்துக்கொண்டிருக்கு, பிழை எண்டு ஒண்டும் சொல்லேல்லையே” என்றார். அது பிழை என்று சொல்லாது. இலக்கணப்படி சரியான கட்டளை அது, பொருள்தான் வேறு. அக்சஸ் லிஸ்ட்டைத் திரையில் காட்டச் சொன்னபோது, நாங்கள் கொடுத்த கிளை முகவரியின் இடத்தில் 0.0.0.0 என்று ரவுட்டர் தானே எழுதிவைத்திருந்ததைக் கண்ட பிறகே எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து மாஸ்க் என்ற மாறியையே எடுத்துவிட்டேன். பட்டியலில் இப்போது 24 என்ற நீளம், அதாவது முகவரியில் வலையமைப்புக்குரிய பிட்களின் எண்ணிக்கை, மட்டுமே இருக்கிறது. மாஸ்கையும் வைல்ட்கார்டையும் வார்ப்புருவே கணித்துக்கொள்கிறது. அன்சிபிளில் இதற்கு ஆயத்தமான வடிகட்டி உண்டு. அது இல்லாவிட்டாலும், மாஸ்கின் ஒவ்வொரு பகுதியையும் 255 இலிருந்து கழித்தால் வைல்ட்கார்ட் வந்துவிடும். கிளை இலக்கத்தைக் கொடுத்தால் உள் முகவரிகள், கேட்வே, தலைமையகத்தோடு இணைக்கும் டனலின் இலக்கம் ஆகிய அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன. சேவை வழங்குநர் கொடுக்கும் வெளி முகவரி போல உண்மையிலேயே பிறரிடமிருந்து வரும் பெறுமதிகள் மட்டும் பட்டியலில் எஞ்சின. முப்பத்தொன்று ஆறாகக் குறைந்தது. அந்த ஆறில் ஒன்று கிளையின் பெயர். அதுவும் எளிதாக இருக்கவில்லை. நுவரெலியாவை ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக எழுதுவோம், சாதனப் பெயரிலோ இடைவெளி கூடாது. திருகோணமலையை ஒருவர் சுருக்கி எழுதினால் மற்றவர் முழுமையாக எழுதுவார். ஆகவே பெயரையும் கையால் எழுத விடாமல், கிளை இலக்கத்துக்கு எதிரே ஒருமுறை எழுதிப் பூட்டிவிட்டோம்.

நிரப்பப்படாத மாறி என்னவாகும் என்ற கேள்வியை ஆரம்பத்தில் நான் கேட்கவேயில்லை. கருவிக்குக் கருவி இதன் விடை மாறுகிறது. வெலோசிட்டியில் பெறுமதி இல்லாத மாறி, டொலர் குறியோடு தன் பெயரையே கட்டளைக்குள் விட்டுச் செல்லும். அது அசிங்கமாகத் தெரியும், சாதனமும் பெரும்பாலும் மறுத்துவிடும். ஜின்ஜாவோ இயல்பு நிலையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். பெரும்பாலான கட்டளைகள் பாதியில் நின்றால் சாதனம் முறையிடும். ஆனால் பாதியில் நின்றாலும் முழுப் பொருள் தரும் கட்டளைகளும் உள்ளன. ஏஎஸ்ஏயில் ‘கிளியர் கொன்ஃபிகர் அக்சஸ்-லிஸ்ட்’ என்பதற்குப் பின்னால் ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தப் பட்டியல் மட்டும் அழியும். பெயரைக் கொடுக்காவிட்டால் சாதனத்தில் உள்ள அக்சஸ் லிஸ்ட் அனைத்தும் அழியும். அந்தப் பெயரை மாறியாக வைத்து, மாறியின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டச்சு செய்த வார்ப்புரு ஒன்றை நான் எழுதியிருந்தேன். நல்ல காலம், அதை முதலில் ஓட்டியது எங்கள் பரிசோதனைக் கூடத்தின் மெய்நிகர் ஏஎஸ்ஏயில். அன்சிபிள் இத்தகைய இடத்தில் தானாகவே நின்றுவிடும்; ஆனால் நான் அப்போது சிறிய பைத்தன் நிரல் ஒன்றிலிருந்து ஜின்ஜாவை நேரடியாக அழைத்துக்கொண்டிருந்தேன். ‘ஸ்டிரிக்ட் அன்டிஃபைன்ட்’ என்ற அமைப்பை இட்டால் வெறுமை வந்த இடத்திலேயே ஜின்ஜா பிழை காட்டி நின்றுவிடும் என்பதை அன்றிரவுதான் படித்தேன். அந்த ஒரு வரி இல்லாத நிரலை இப்போது நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

கட்டளைகளின் ஒழுங்கும் அப்படித்தான், எழுதும்போது சிறிய விடயமாகத் தோன்றும். முகவரிகள் போன்றவற்றை ஒரே பெயரில் தொகுக்கும் ஒப்ஜெக்ட் குரூப்பை அக்சஸ் லிஸ்ட் குறிப்பிடுவதற்கு முன்பே அது பிறந்திருக்க வேண்டும். கையால் எழுதும் கோப்பில் இது கண்ணுக்குத் தெரியும். ஃபிளெக்ஸ்கொன்ஃபிக் போன்ற வசதியிலோ, முகாமைத்துவ மையம் தானாக உருவாக்கும் கட்டளைகளும் நாம் எழுதியவையும் ஒன்றாகச் சேர்ந்தே சாதனத்திற்குப் போகின்றன. நமது கட்டளைகளை அதன் கட்டளைகளுக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று தெரிவு செய்ய வேண்டும். மையம் உருவாக்கும் ஒப்ஜெக்ட்டைப் பயன்படுத்தும் கட்டளையை முன்னால் வைத்துவிட்டால், அது இல்லாத பொருளைத் தேடித் தோற்கும். ‘ஒருமுறை’, ‘ஒவ்வொரு முறையும்’ என்று இன்னொரு தெரிவும் உண்டு. மையம் நிர்வகிக்கும் ஒப்ஜெக்ட்டுகளைச் சுட்டும் வார்ப்புருவுக்கு ‘ஒவ்வொரு முறையும்’ என்பதே பொருத்தம். இல்லாவிட்டால் அந்த ஒப்ஜெக்ட்டில் பின்னர் செய்யும் மாற்றம் சாதனத்தைச் சென்றடையாமல் போகலாம். ஏற்கெனவே உள்ள அமைப்பொன்றை அழிப்பதற்காக மட்டும் எழுதப்பட்டதற்கு ‘ஒருமுறை’ போதும்.

ஃபிளெக்ஸ்கொன்ஃபிக் பற்றிய என் பொதுவான கருத்து, அதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதே. முகாமைத்துவத் திரையில் பொத்தான் இல்லாத வசதிகளுக்கான பின்கதவு அது. முன்கதவு திறந்த பிறகும் பின்கதவால் போய்வருவது தொல்லை. பொலிசி அடிப்படையிலான ரவுட்டிங் 7.1 ஆம் பதிப்பிலும், ஈஐஜிஆர்பி என்ற ரவுட்டிங் நெறிமுறை 7.2 ஆம் பதிப்பிலும் திரைக்கு வந்துவிட்டன. அவற்றுக்காக முன்பு எழுதிய வார்ப்புருக்களைப் பதிப்பு உயர்த்தும் வேளையில் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியிருந்தது. எந்த வார்ப்புரு எதற்காக எழுதப்பட்டது என்று தலைப்பில் இரண்டு வரி குறித்திருந்தால் அந்த வேலை அரை நாளில் முடிந்திருக்கும்.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். கட்டளை வார்ப்புரு கூட்டும், கழிக்காது. இதைச் சொன்னால் அற்பமாகத் தோன்றும். நானும் நெடுநாள் இதன் பாரத்தை உணரவில்லை. சாதனத்தில் ஏற்கெனவே இருப்பதன் மேல் புதிய வரிகளை அது இடுகிறது. சில கட்டளைகள் பழைய பெறுமதியை மாற்றிவிடும். சாதனத்தின் பெயர் அப்படிப்பட்டது, இரண்டு பெயர் இருக்க முடியாது. வேறு சில கட்டளைகளோ பழையதன் பக்கத்தில் புதியதாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தெந்த முகவரிகளிலிருந்து நிர்வாகிகள் எஸ்எஸ்எச் என்ற தொலை நுழைவு முறை மூலம் தீச்சுவருக்குள் நுழையலாம் என்று ஏஎஸ்ஏயில் எழுதும் வரிகள் இந்த இரண்டாம் வகை.

எங்கள் பிரிவு நான்காம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்கு மாறியபோது, வார்ப்புருவில் நிர்வாகிகளின் முகவரித் தொகுதியை மாற்றி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினேன். புதிய இடத்திலிருந்து எல்லாத் தீச்சுவர்களுக்குள்ளும் நுழைய முடிந்தது. பரிசோதனை வெற்றி என்று எழுதி வைத்தேன். வார்ப்புருவைப் பார்த்தால் ஏழாம் மாடி மட்டுமே அதில் இருந்தது. சாதனங்களிலோ இரண்டு மாடிகளும் இருந்தன. நான்காம் மாடி பின்னர் புதிய ஆட்களுக்கான பயிற்சிக்கூடமாகியது. பழைய முகவரித் தொகுதியும் அந்த மாடியோடே தங்கிவிட்டதால், பயிற்சிக்கு வரும் எவரும் தம் மடிக்கணினியைச் சுவரில் உள்ள துளையில் செருகி, நாடு முழுவதும் உள்ள எங்கள் தீச்சுவர்களின் கடவுச்சொல் கேட்கும் வாசல் வரை போய் நிற்க முடிந்தது. எவரும் போகவில்லை. ஆனால் ஓராண்டுக்கு மேல் அந்த நிலை இருந்தது, வார்ப்புரு மட்டும் சுத்தமாக இருந்தது.

இப்போது எங்கள் வார்ப்புரு ஒவ்வொன்றுக்கும் நீக்கும் பாதி ஒன்று உண்டு. கூட்டும் பாதியை எழுதுவதற்கு முன்பு அதையே எழுத வேண்டும் என்பது பிரிவின் விதி. பின்னர் எழுதலாம் என்று விட்டால் எவரும் எழுதுவதில்லை. சிஸ்கோவின் சிறிய தீச்சுவர்களைச் சாதனத்திலிருந்தே நிர்வகிக்கும் திரையில், ஃபிளெக்ஸ்கொன்ஃபிக் எழுதும்போது மறுப்பு வார்ப்புருவுக்கு, அதாவது இட்ட கட்டளைகளை நீக்கும் வார்ப்புருவுக்கு, என்றே தனிக் கட்டம் ஒன்று இருக்கிறது. அதை வடிவமைத்தவர்களுக்கு என் மரியாதை. முகாமைத்துவ மையத்தில் அந்தச் சலுகை இல்லை. பொலிசியிலிருந்து ஒரு வார்ப்புருவை எடுத்துவிட்டால் சாதனத்திலிருந்து கட்டளைகளும் போய்விடும் என்று நம்பியிருக்கக் கூடாது. அவற்றை மறுக்கும் கட்டளைகளை நாமே எழுதி அனுப்ப வேண்டும்.

நீக்குவது என்பது ஒவ்வொரு வரியின் முன்னாலும், அதை நீக்கச் சொல்லும் ‘நோ’ என்ற சொல்லைச் சேர்ப்பது மட்டுமல்ல. முதலாவது, ஒழுங்கு தலைகீழாக வேண்டும். பந்தலைப் பிரிக்கும்போது கூரையை இறக்கிய பின்னரே கப்புகளைப் பிடுங்குவது போல, அக்சஸ் லிஸ்ட் வரியை எடுத்த பின்னரே அது பயன்படுத்தும் ஒப்ஜெக்ட் குரூப்பை எடுக்க முடியும். பயன்பாட்டில் உள்ள குரூப்பை ஏஎஸ்ஏ விடாது. இரண்டாவது, ‘நோ’ பழைய பெறுமதியைத் திருப்பித் தருவதில்லை, இயல்புப் பெறுமதியைத் தருகிறது. பதிவுகளுக்கான நினைவகத்தை நாங்கள் பெருப்பித்து வைத்திருந்த ஒரு சாதனத்தில், வார்ப்புரு அதை இன்னும் பெருப்பித்தது. மறுப்பு வார்ப்புரு ஓடியதும் அது நாங்கள் முன்பு வைத்த அளவுக்குத் திரும்பாமல் ஏஎஸ்ஏயின் இயல்பான 4096 பைட்டுக்கு இறங்கிவிட்டது. ஆகவே பெறுமதியை மாற்றும் கட்டளைகளுக்கு, மாற்றுவதற்கு முன் இருந்ததைப் படித்துச் சேமித்துக்கொள்ளும் படியொன்றையும் சேர்த்தோம்.

ஃபோர்ட்டிநெட்டின் தீச்சுவர்களான ஃபோர்ட்டிகேட் சாதனங்களில் இதே தொல்லை வேறு உருவில் வருகிறது. அங்கே ‘எடிட் 0’ என்று எழுதினால் கட்டமைப்பில் அடுத்து வெறுமையாக உள்ள இலக்கத்தில் புதிய பதிவு ஒன்று உருவாகும். கையால் செய்யும்போது வசதியான விடயம். வார்ப்புருவிலோ, அதே வேலை இரண்டாம் முறை ஓடினால் இரண்டாவது பதிவு, மூன்றாம் முறை ஓடினால் மூன்றாவது. எந்த இலக்கத்தில் உருவாகியது என்று தெரியாத பதிவை எப்படி நீக்குவது? ஆகவே இலக்கங்களையும் கிளை இலக்கத்திலிருந்தே பிறப்பிக்கிறோம். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பதிவு, நீக்கவும் ஒரே இலக்கம்.

தொலைவில் உள்ள சாதனத்துக்கு வார்ப்புருவை அனுப்பும்போது நம் காலடி மண்ணை நாமே தோண்டிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஜூனிப்பரில் ‘கொமிட் கொன்ஃபர்ம்ட்’ என்று இட்டால், பத்து நிமிடங்களுக்குள் நாம் மீண்டும் உறுதிசெய்யாவிட்டால் சாதனம் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். சிஸ்கோவில் நாங்கள் பழைய தந்திரத்தையே கையாள்கிறோம்: பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் ஆகும்படி ‘ரிலோட் இன் 10’ என்று சொல்லிவிட்டு, மாற்றங்களைச் சேமிக்காமல் (சேமிக்காதது மறுதொடக்கத்தில் மறைந்துவிடும்) அனுப்பி, உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்து, முடிந்தால் மறுதொடக்கத்தை இரத்துச் செய்வது. சேமிப்பது அதற்குப் பின்னர்தான்.

அந்தப் ‘பின்னர்’ என்ற சொல்லில் 2022 இல் அகப்பட்டுக்கொண்டோம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. கிளைகளின் யூபிஎஸ் மின்கலங்கள் அவ்வளவு நேரத்துக்கு வாங்கப்பட்டவை அல்ல. மின்சாரம் வந்து சாதனங்கள் எழுந்தபோது, மூன்று கிளைகளின் தீச்சுவர்கள் இரண்டு மாதங்களுக்கு முந்திய கட்டமைப்போடு எழுந்தன. ஓடிக்கொண்டிருந்த கட்டமைப்பில் மாற்றம் செய்தவர், அதைச் சேமிக்கும் ‘ரைட் மெமரி’ என்ற கட்டளையை இட மறந்திருந்தார். அந்த வாரங்களில் நாங்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில், கைத்தொலைபேசியின் இணைய இணைப்பில், வீட்டிலிருந்தபடியே தலைமையகத் தீச்சுவரில் கையால் பல வரிகளை இட்டோம். வார்ப்புருவைத் தேடித் திறக்க நேரமில்லை என்பது அன்று நியாயமாகத் தோன்றியது. இன்று சேமிப்பு, மறந்துவிடக்கூடிய கடைசிக் கட்டளையாக அல்லாமல், இணைப்பைப் பரிசோதித்துத் தானே ஓடும் தனிப் படியாக இருக்கிறது.

இரகசியங்களைப் பற்றிச் சுருக்கமாக. வீபிஎன் இணைப்பின் பகிர்வுச் சாவியை வார்ப்புருவுக்குள் எழுதினால் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சாவி ஆகிவிடும், வார்ப்புருவைப் பார்க்கும் அனைவருக்கும் அது தெரிந்தும் விடும். சிஸ்கோவின் ஏழாம் வகைக் கடவுச்சொல்லை மறையாக்கம் என்று எண்ணி அப்படியே கோப்பில் விடுவோரும் உள்ளனர். அதை யாரும் கணத்தில் திருப்பிப் படிக்கலாம். அன்சிபிள் வோல்ட் போன்றதொரு பெட்டகத்தில் கிளைக்கொரு சாவியாக வைப்பதே நல்லது.

நேர வலயத்தையும் மறக்கக் கூடாது. இலங்கை 1996 இல் கடிகாரத்தை முன்னே நகர்த்தி, 2006 ஏப்ரலில் மீண்டும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய நிலைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் கொழும்பில் ஒரு நேரமும் வன்னியில் இன்னொரு நேரமும் இருந்ததை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. ஏஎஸ்ஏயில் நேர வலயத்தை எழுதும்போது மணிக்கு ஐந்தும் நிமிடத்துக்கு முப்பதும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மாதிரியொன்றைப் பார்த்து எழுதிய எங்கள் வார்ப்புருவில் நிமிடத்துக்கு இடமே இருக்கவில்லை. அந்தத் தீச்சுவர்களின் பதிவுகள் சேவையகத்தின் பதிவுகளோடு அரை மணி நேரம் முரண்பட்டன. ஒரு விசாரணையில் இரண்டு நாட்கள் அந்த அரை மணி நேரத்தைத் தேடிக் கழிந்தன.

அண்மையில் எங்கள் கிளையொன்று மூடப்பட்டது. திறப்பதற்காக எழுதிய வார்ப்புருக்களில் நீக்கும் பாதியை உண்மையான தேவைக்கு முழுவதுமாக ஓட்டியது அதுவே முதல் தடவை. தலைமையகத் தீச்சுவரிலிருந்து அந்தக் கிளையின் டனல், அக்சஸ் லிஸ்ட் வரிகள், ஒப்ஜெக்ட் குரூப்புகள் ஆகியன வரிசையாக, பந்தல் பிரிவது போலவே கழன்றன. முடிந்ததும் அந்தக் கிளையின் முகவரித் தொகுதியைக் கட்டமைப்பில் தேடிப் பார்க்கச் சொன்னேன். இளையவர் தேடிவிட்டு, “அண்ணை, ஒரு வரி மட்டும் நிக்குது” என்றார். பெயரிடல் முறைக்கு உட்படாத, விளக்கக் குறிப்பும் இல்லாத ஓர் அனுமதி வரி. வார்ப்புரு அதைக் கூட்டவில்லை, ஆகவே கழிக்கவும் இல்லை. மாற்றங்களின் பதிவைத் திறந்து திகதியைப் பார்த்தோம்: 2022 மார்ச் 31, இரவு 11.40. பயனர் பெயர் என்னுடையது.